மைன்ஸ் தின்ற எட்டு வருஷம்

நூற்று நாற்பத்தெட்டு நாள். எழுபத்துநான்கு ஒரு தடவை, எழுபத்துநான்கு இன்னொரு தடவை. லவினா ஒவ்வொரு நாளையும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் அடித்து வைத்திருந்தாள். கடைசிக் கோட்டை அடித்துவிட்டு, வீட்டைப் பூட்டி, கணவன் நோயலோடு, தங்கச் சுரங்கம் மூடிப்போன கேஜிஎஃப்பின் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். பெங்களூர் போகும் காலை பேசஞ்சர் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

அந்தக் கணக்கைக் கொடுத்தது டாக்டர் அனுப்ரியா. ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். இப்போது பெங்களூரில் குழந்தையின்மைக்கு வைத்தியம் பார்க்கிறார். "இன்னிக்கு உருவாக ஆரம்பிக்கிற விந்தணு முழுசா வளர ஏறக்குறைய எழுபத்திநாலு நாள் ஆகும். சார் இன்னிக்கு திருந்தினா, எழுபத்திநாலு நாள் கழிச்சுத்தான் நமக்குத் தெரியும்" என்றார்.

நோயல் திருந்தினான். பீரை விட்டான். சிகரெட்டை விட்டான். செல்போனை பேண்ட் பையிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றினான். வெந்நீரை விட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தான். மார்கழிக் குளிரில் முதல் சொம்பை ஊற்றும்போது அவன் பாடிய கீர்த்தனை அடுத்த லைன் வீடுகள்வரை கேட்டது. சொன்னதை எல்லாம் செய்தான். ஆனாலும் ஏதோ ஒன்றை மட்டும் செய்யாமல் வைத்திருக்கிறான் என்று நேற்று சாயங்காலம் முதல் லவினாவுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஜோலார்பேட்டையில் பிறந்தவள், பி.எஸ்ஸி. படித்தவள். பங்காருபேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை உண்டானாள். ஒன்று எட்டு வாரத்தில் போயிற்று, மற்றது பதினோரு வாரத்தில். மாமியார் ஐடா சபையின் உபவாச ஜெபத்தில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தாள். பிள்ளையில்லாத சகோதரிகள் முன்னால் வந்து முட்டி போடலாம் என்று சபைப் பெண்கள் அழைத்தபோது லவினா எழுந்திருக்கவில்லை.

"போம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று ஐடா இடித்தாள்.

"என் ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு அத்தை. எதுக்கு முட்டி போடணும்?"

"எங்க குடும்பத்துல ஆம்பளைங்களுக்கு கோளாறே கெடையாது."

"டெஸ்ட் பண்ணா கெடையாதா, பண்ணாததால கெடையாதா?"

அதற்கப்புறம் ஐடா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. லவினா அதைப் பெரிய கஷ்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயலைக் கையோடு பெங்களூருக்கு அழைத்துப் போனாள்.

விந்தணுவின் எண்ணிக்கை நன்றாக இருந்தது, ஓட்டமும் சரி. ஆனால் உள்ளே இருக்கும் டிஎன்ஏ இழைகளில் உடைசல் அதிகம். டாக்டர் அப்போது ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தார். விந்தணுவுக்கு என்ன வயது என்று பார்க்கும் ஆய்வு. "எழுத்து மாறாது சார். எழுத்துமேல சின்னச் சின்னக் குறி ஒட்டியிருக்கும். எதைப் படிக்கணும், எதை விடணும்னு சொல்ற குறி. வயசாக ஆக அது இடம் மாறும். அதை வெச்சு அணுவோட வயசைச் சொல்லலாம். இடம் மாறுன குறி ரொம்ப ஆச்சுன்னா கரு பிடிக்க நாளாகும், பிடிச்சாலும் நிக்கிறது கஷ்டம்."

நோயல் அதைத் தன் பாஷையில், மணிக்குக் கட்டுப்பட்டு ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழிக்குள் ஏறி இறங்கும் கேஜ் கூண்டாகப் புரிந்துகொண்டான். "ஷாஃப்ட்டு அதேதான் மேடம். பெல்லு மாறிப்போச்சு. கேஜு வேற லெவல்ல போய் நிக்குது."

டாக்டர் சிரித்தார். "கேஜிஎஃப்காரங்க எல்லாத்துக்கும் ஷாஃப்ட்டுக்கே போறீங்க."

முதல் ரிப்போர்ட்டில், ஆதார்ப்படி வயது நாற்பத்திரண்டு என்றிருந்தது. அணுவின் வயது நாற்பத்தொன்பது புள்ளி எட்டு. இரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

டாக்டர் முகம் சுருக்கினார். "எட்டு வருஷம் அதிகமா காட்டுதே. முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"மைன்ஸ் மேடம். அண்டர்கிரவுண்டு. மூடுறதுக்கு முன்னாடி ஒரு வருஷம்."

"அவ்வளவு நாள் முன்னாடி பட்டது இப்பவும் இருக்குமான்னு சொல்ல முடியாது. ஆனா சூடு, தூசி, சிகரெட், பீர் எல்லாம் சேர்ந்து ஆனதுன்னா, கொஞ்சமாவது திரும்பி வரும். காத்திருந்து பாக்கலாம். வயசாலேயே ஆனதுன்னா திரும்பாது. அப்ப ஒருநாள்கூட காத்திருக்கக்கூடாது. நல்ல அணுவாப் பொறுக்கியெடுத்து உடனே ஐவிஎஃப். ஏன்னா சாருக்காகக் காத்திருக்கிற ஒவ்வொரு மாசமும் லவினாவோட முட்டை குறையுது. உங்களுக்கு நாப்பத்திரண்டுதானே சார்?"

"ஆமா மேடம்" என்றான் நோயல்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நூற்று நாற்பத்தெட்டு நாளும் தொடங்கின. முதல் எழுபத்துநான்கு முடிந்தபோது உடைசல் அப்படியே இருந்தது. இன்னொரு சுற்று பார்க்கலாம் என்றார் டாக்டர். இரண்டாவது சுற்று முடியும் முன்பே மாதிரியை எடுத்து அனுப்பி, நேற்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஐம்பது புள்ளி மூன்று. லவினா தினமும் ரிப்போர்ட் பார்ப்பவள். இரண்டு வருஷ ஏற்றத்தாழ்வு உள்ள கணக்கில் அரை வருஷம் கூடியது ஒன்றுமேயில்லை என்று அவளுக்குத் தெரியும். குறையாமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது. பீர் இல்லை, சிகரெட் இல்லை, வெந்நீர் இல்லை. ஒன்றும் அசையவில்லை. அதே நாட்களில் அவளுடைய முட்டை இருப்பைச் சொல்லும் எண் ஒன்று புள்ளி ஆறிலிருந்து ஒன்று புள்ளி ஒன்றுக்கு இறங்கியிருந்தது.

"இன்னொரு எழுபத்திநாலு பாத்துடலாம்" என்று நோயல் நேற்று சொன்னான். ரிப்போர்ட்டைப் படித்து முடிக்கும் முன்பே சொன்னான். அங்கேதான் அவளுக்கு இடறியது.

இன்று அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். ஐவிஎஃப் ஊசி ஆரம்பிப்பதாக இருந்தால் இன்றே ஆரம்பிக்க வேண்டும். அதற்காகத்தான் லீவு போட்டு பெங்களூருக்குக் கிளம்பியிருந்தாள். விட்டால் இன்னொரு மாதம் போகும், சுற்று என்றால் இரண்டரை மாதம். ஏழு மணிக்கு போன் செய்யுங்கள், காத்திருப்பதா ஊசியா என்று முடிவு செய்வோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வண்டி வந்தது. மூன்றாவது பெட்டியில் மாணிக்கராஜ் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். நோயலின் பேட்ச். இருவரும் ஒரே நாளில் மைன்ஸில் சேர்ந்தவர்கள், ஒரே ஷிஃப்ட். இப்போது மாணிக்கராஜ் வைட்ஃபீல்டில் செக்யூரிட்டி, நோயல் அதே பக்கத்தில் லிஃப்ட் மெக்கானிக்.

"நகருங்கப்பா, ஹீரோ வரான். தங்கச்சி, ஜன்னலோரம் உனக்கு. இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லண்ணா."

ஹீரோ என்றதற்குக் காரணம் ஐடா. முதல் ரிப்போர்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை, சபை கலைவதற்குள் செய்தி பரவிவிட்டது. மைன்ஸ் என் பிள்ளையோட எட்டு வருஷத்தைத் துன்னுடிச்சு. அடுத்த வாரமே தெருவில் நோயலைப் பார்த்தவர்கள் தோளைத் தட்டினார்கள். மருந்துக்கடை வேணுகோபால் அவனுக்கு நாற்காலி போட்டார். லவினாவை முட்டி போடச் சொன்ன பெண்களே இப்போது நோயலுக்காக ஜெபித்தார்கள். குறை வீட்டைவிட்டு வெளியே போய், மூடிக்கிடக்கும் ஷாஃப்டுகளில் விழுந்துவிட்டதில் ஊரே நிம்மதியானது.

எதிர் சீட்டில் ஏசுபாதம் ரெக்ஸின் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மைன்ஸ் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அறுபத்தாறு வயது. நாலு வார்த்தை பேசினால் ஒரு இருமல்.

"ரிப்போர்ட் வந்துச்சாமேப்பா?"

"வந்துச்சு அங்கிள். ஐம்பது புள்ளி மூணு." பரீட்சையில் மார்க் வாங்கியவனைப் போலச் சொன்னான் நோயல்.

"ஏறிடிச்சா." ஏசுபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருவத்திநாலு வருஷமா நான் எழுதாத மனு இல்ல. தூசின்னு எழுதுனேன், சயனைட்னு எழுதுனேன். ஆதாரம் எங்க, ஆதாரம் எங்கன்னே கேட்டானுங்க. இப்ப கீது பாரு. ஆம்பளை வித்துலயே மைன்ஸ் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு." பையிலிருந்து ஒரு ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து லவினாவிடம் நீட்டினார். "இன்னிக்கு வக்கீலப் பாக்குறேன். நீ ஒரு கையெழுத்துப் போடும்மா. மனைவியோட வாக்குமூலம்னா கோர்ட்டுல எடுபடும்."

லவினா வாங்கிப் படித்தாள். தட்டச்சுப் பிழை இல்லாமல் சுத்தமாக அடித்திருந்தார். என் கணவர் நோயல், வயது நாற்பத்திரண்டு. சுரங்கத்தில் பூமிக்கு அடியில் ஏழு ஆண்டுகள் மூன்று மாதங்கள் பணிபுரிந்தவர்.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

"ஏழு வருஷமா அங்கிள்?"

"ஏழு வருஷம் மூணு மாசம். கம்பெனி சர்வீஸ் புக்குலேர்ந்து எடுத்தது. ஒருநாள் தப்பிருக்காது."

"இவரு என்கிட்ட ஒரு வருஷம்னாரு."

நோயல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே, தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைட் மேடு வெளிறிக் கிடந்தது. ஐம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதை அப்படி உற்றுப் பார்ப்பதில்லை.

"மைன்ஸ் மூடினது ரெண்டாயிரத்து ஒண்ணு பிப்ரவரி" என்றாள் லவினா. அவள் குரல் எப்போதும் உயராது. இப்போதும் உயரவில்லை. "ஏழு வருஷம் முன்னாடின்னா தொண்ணூத்திமூணு. ஆதார்ல பொறந்தது எண்பத்திமூணு. அப்ப பத்து வயசுப் பையனை கேஜ்ல ஏத்தி கீழ இறக்குனாங்களா?"

பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைக் கீழே போடாமல் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

மாணிக்கராஜ் சிரித்துப் பார்த்தான். "அந்தக் காலத்துல பசங்க நல்ல வளத்தி தங்கச்சி."

"மீசையோடவாண்ணா?"

"அம்மா," என்றார் ஏசுபாதம், பொறுமையாக. "ஸ்டாம்ப் பேப்பர்ல ஆதார்ல இருக்கிறதைத்தான் போட முடியும். சர்வீஸ் புக்கு சர்வீஸ் புக்குதான். ரெண்டையும் சேத்துக் கூட்டக்கூடாது."

"கூட்டல அங்கிள். கழிச்சேன்."

அவர் இருமினார். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. லவினா தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் ஸ்டாம்ப் பேப்பரைத் திருப்பி அவர் மடியில் வைத்தாள்.

"கையெழுத்து?"

"போடமாட்டேன். நான் கழிச்சதை அந்தப் பக்கத்து வக்கீல் ஒரு நிமிஷத்துல கழிப்பான். அப்புறம் நெஜமாவே தூசி துன்ன உங்க மனுவையும் சேத்துத் தூக்கிப் போடுவான்."

ஏசுபாதம் பேப்பரை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்து, உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார்.

மாணிக்கராஜ் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி, நீ வெளியூரு. உனக்குத் தெரியாது. கேட்டைப் பூட்டினப்ப எங்க கையில ட்ரில்லு பிடிக்கிற வேலை மட்டும்தான் இருந்துச்சு. பெங்களூருக்குப் போனா இருவத்தஞ்சுக்கு மேல ஆள் வேணாம்னான். புதுசா கார்டு எடுக்கச் சொன்னப்ப, எல்லாரும் வரிசையில நின்னோம். பொறந்த தேதி கேட்டான். ஆளாளுக்கு வேலை கெடைக்கிற வயசைச் சொன்னோம். பின்னாடி ஆதார்லயும் அதே தேதிதான் ஏறிச்சு. இந்தப் பெட்டில பாதிப்பேருக்கு ரெண்டு பொறந்தநாள் கீது. ஒருத்தன் வாயத் தொறந்தா எல்லார் வேலையும் போயிடும்."

"உங்க வேலையை நான் கேக்கலண்ணா. அனுப்ரியா மேடம் உங்க கம்பெனிக்கு போன் பண்ணப்போறதில்ல."

"பின்ன இன்னா கேக்குற?"

"என் நாளைக் கேக்குறேன். நூத்தி நாப்பத்தெட்டு."

நோயல் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். "லவினா, வீட்ல போய் பேசிக்கலாம்."

"வீட்ல அஞ்சு மாசம் இருந்துச்சு."

வண்டி பங்காருபேட்டைக்குள் நுழைந்து வேகம் குறைந்தது. லவினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஏறக் காத்திருந்த கூட்டத்துக்கு எதிராக, முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு இறங்கினாள். நோயல் பின்னாலேயே வந்து கதவருகே மாட்டிக்கொண்டான். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே.

"எங்க போற?"

"வேலைக்கு. என் லேப் இங்கதான இருக்கு. லீவை ரத்து பண்ணிட்டு உக்காந்துக்குறேன். இன்னொரு எழுபத்திநாலு நாள் தனியா போய் காத்திருங்க."

"வண்டி எடுத்துடுவான் லவினா. ஏறு."

"சொன்னா ஏறுறேன்."

"இன்னா சொல்லணும்?"

அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். டீ விற்பவன் இருவருக்கும் நடுவில் புகுந்து போனான். நோயல் படியிலிருந்து பிளாட்பாரத்தில் இறங்கினான். சனிக்கிழமை சாயம் போட்ட மீசைக்குக் கீழே உதடு உலர்ந்திருந்தது.

"சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருக்கமாட்ட."

"கட்டியிருப்பேனா மாட்டேனான்னு அப்ப கேட்டிருக்கணும். இப்ப நான் அதைக் கேக்கல."

"நீயே சொல்லிடேன் டாக்டர்கிட்ட. உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"மாட்டேன்." அவள் போனை எடுத்து நம்பரை அழுத்தினாள். "ரெண்டு தடவையும் குறை என்கிட்டதான்னு முட்டி போடச் சொன்னாங்க. நான் எழுந்திரிக்காம தனியா உக்காந்திருந்தேன். நீங்க ஆண்கள் வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க. அப்புறம் மைன்ஸ்மேல போட்டீங்க. ஊரே உங்களுக்கு நாற்காலி போட்டுச்சு. இது உங்க வயசு. உங்க வாயால வரணும்."

மணி ஏழாக மூன்று நிமிஷம் இருந்தது. டாக்டர் எடுத்துவிட்டார். லவினா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்க லவினா. ரிப்போர்ட் பாத்தேன். எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இருந்தாலும் நாப்பத்திரண்டு வயசுதான் சாருக்கு. இன்னும் ஒரு சுற்று பாத்துட்டு, அப்புறம்..."

"அவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம் மேடம்."

அவள் போனை அவன் கையில் வைத்தாள். கையை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

ஜன்னலில் மாணிக்கராஜின் தலை தெரிந்தது. "வேணாண்டா நோயலு. ஏறுடா." அவனுக்குப் பின்னால் ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தார். கதவில் தொங்கியவர்கள் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து இடம் விட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பத்துப் பேராவது நோயலுக்குத் தெரிந்தவர்கள். இரண்டு பேர் அவனுடைய கம்பெனி.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

நோயல் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான். மறுபடி இறக்கினான். லவினா அசையவில்லை. அழவும் இல்லை. சபையில் எல்லாரும் முட்டி போட்டிருந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். நேராக, கையை மடியில் வைத்துக்கொண்டு. அதே முகம்.

"மேடம்" என்றான். "நான் மைன்ஸ்ல ஒரு வருஷம் இல்ல. ஏழு வருஷம்."

"சரி சார். அப்ப சூடு இன்னும் அதிகமா..."

"சூடு இல்ல மேடம். மைன்ஸ் என் வயசுல எதையும் துன்னல. நான்தான் துன்னேன்."

"ஏறுடா" என்றான் மாணிக்கராஜ், இப்போது மெதுவாக.

"நீ சும்மா இருடா" என்றான் நோயல், திரும்பாமல். "உன் கார்டை எவனும் கேக்கல."

வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து ரயில் கார்டு விசில் ஊதினான். பக்கத்து லைனில் ஒரு சரக்கு வண்டி தடதடவென்று போகத் தொடங்கியது. போனில் டாக்டரின் குரல் அந்தச் சத்தத்தில் கரைந்தது. "கேக்கல சார். என்ன சொன்னீங்க? ஊசி இன்னிக்கு போடறதா வேணாமா? உங்க வயசு எவ்வளவுன்னு சொல்லுங்க சார், சரியான வயசு."

ஐம்பது என்று வரும் என லவினா நினைத்தாள். அந்த எண்ணுக்குத் தன்னைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள்.

நோயல் போனை இரண்டு கையாலும் பிடித்தான். சரக்கு வண்டிக்கு மேலே கேட்கும்படி, பழைய நாளில் ஷாஃப்டுக்குள் கத்துவதுபோலக் கத்தினான். கதவில் தொங்கியவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இன்னிக்கே போடுங்க மேடம். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு."